சண்டை போட்ட ஹோட்டல்

முதல் ஹோட்டலில் ஃபோனை எடுத்த பெண், சைரன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

சைரன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து முறைத்துப் பார்த்தாள். மறுபடி அதே எண்ணைப் போட்டாள். இடது கையில் ஃபோன். வலது கையில், தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்த ஒரு கருவி. கைக்கு அடக்கமான டார்ச் விளக்குப் போலிருக்கும். வீட்டில் அதற்கு டார்ச் என்றே பெயர். பொத்தானை அழுத்தினால் வண்டு போல ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தை வாயும் நாக்கும் சேர்ந்து சொல்லாக்கும். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் இப்படியும் பேசலாம். அந்தக் குரலுக்கு ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. கேள்வியும் கோபமும் ஒரே மாதிரிதான் வரும். ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது.

"வணக்கம். ரூம் வேணும். நாலு பேருக்கு."

"ஏய், அந்த ரெக்கார்டிங் மறுபடியும் வருதுடி," என்று அந்தப் பெண் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் கணவர், மகள், தம்பி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடங்களைப் பார்த்தார்கள்.

கணவர்தான் முதலில் வாய் திறந்தார். "குடும்மா, நான் பேசிடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

சைரன் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஃபோனே வேணாம்மா," என்றாள் மகள், கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பியபடி. "இதுலயே போட்டுடலாம். நாலு தட்டு தட்டினா முடிஞ்சுது. பேசவே வேணாம்."

பேசவே வேணாம். அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு வருடமாக எல்லாரும் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சலுகை அதுதான். மருந்துக் கடையில் அவள் டார்ச்சை வைத்துக் கேட்பாள். கடைக்காரர் அவளுக்குப் பின்னால் நிற்கும் கணவரைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்பார். கணவர் சொல்லிவிடுவார். மனுஷனிடம் குற்றம் இல்லை, பிரியம்தான். ஆனால் அவள் பாதி சொல்லும்போதே மீதியை அவர் சொல்லி முடிப்பது பழக்கமாகிவிட்டது. சில சமயம் அவள் சொல்ல வராததையும் சொல்லி முடித்தார். பச்சை நிறத்தில் செருப்பு வாங்கப் போனவள் கறுப்போடு வீடு திரும்பியது அப்படித்தான்.

இப்போது ஃபோனைக் கொடுத்தால் இனி எப்போதும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது சைரனுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் அவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி மட்டும்தான். அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"யாரும். தொடாதீங்க," என்றாள். "நான்தான். பேசுவேன்."

சைரன் என்ற பெயரை வைத்தவர்கள் தையல் ஆலைப் பெண்கள். நீண்ட ஹால். தலைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் குழல் விளக்குகள். காற்றிலேயே நூல் துகள் மிதக்கும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்று எந்த நிறச் சட்டை ஓடியது என்று தெரியும். அத்தனை மெஷினும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் பேசுவதே காதில் விழாது. ஆனால் அந்தக் கோடி மெஷினில் இருப்பவள் நூல் அறுந்ததை மறைத்துத் தைத்தால், இந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசரான அவள் போடும் சத்தம் வெளியே லாரியில் தூங்குகிறவரை எழுப்பிவிடும். இடைவேளைச் சங்கு கெட்டுப்போன ஒரு நாள், முதலாளி ஆள் அனுப்பி அவளையே கத்தச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததே இல்லை.

அவள் ஒரு சட்டையை நேர்ப்பக்கமாகப் பார்த்து யாரும் கண்டதில்லை. எடுத்ததும் கையை உள்ளே விட்டு வெளியே புரட்டிவிடுவாள். "முன்பக்கத்த எவ வேணா அழகாத் தைப்பா. உள்ளத் திருப்பிக் காட்டுடி" என்பாள். ஆலையில் தொடங்கிய இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. மெத்தை வாங்கினால் அடியைத் தூக்கிப் பார்ப்பாள். குடியிருக்க வீடு பார்க்கப் போனால் கூடத்தில் நிற்காமல் நேராகக் கழிவுநீர்க் குழாய் ஓடும் சந்துக்குப் போவாள். கணவரையும் அப்படித்தான் பிடித்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். யாரோ சொன்ன பேரில், அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து கிரீஸ் அப்பிய தலை ஒன்று எட்டிப்பார்த்து, மேலே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளிடம், "கை வலிக்குதா? செத்த நேரம் உக்காருங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றது. அவள் திரும்பி வந்து தம்பியிடம், "உள்தையல் பரவால்லடா" என்றாள்.

அந்த உள்தையலில் ஒரே ஒரு குறை. அவருக்குச் சண்டை போடத் தெரியாது. அவள் எகிறினால் இறங்கிப் போவார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே சண்டை போட வேண்டியிருந்தது.

கட்டி வந்தபோது, பார்க்க வந்தவர்கள் பழங்களோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு... எதாவது... பழக்கம்..." என்று இழுத்தார்கள். டார்ச் கைக்கு வந்த பிறகு சைரன் ஆளுக்கு ஆள் ஒரே பதில் சொன்னாள். "ஆமா. சிகரெட். தினம் ரெண்டு பாக்கெட்." வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. கேட்டவர்களின் முகம் போகும் போக்கைப் பார்க்கவே அப்படிச் சொன்னாள்.

அந்த விடுமுறைக்கு அடுத்த மழைக்காலத்தில் சைரன் இறந்துபோனாள். கட்டி திரும்பி வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடலாம். கடைசிக்கு வைத்து யாரையும் அழவைக்கும் உத்தேசம் இல்லை. இது அவள் செத்த கதை இல்லை. அவள் ஹோட்டல் பிடித்த கதை.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்தில் குழாயோடு அவள் கிடந்தபோது மகள் சொன்ன வார்த்தைதான் ஆரம்பம். "வீட்டுக்கு வந்து தேறினதும் எல்லாரும் கடலுக்குப் போலாம்மா. நல்ல ரிசார்ட்டா பாத்து வைக்கறேன்." சைரன் பலகையை இழுத்து எழுதினாள்: எடம் நான் பாப்பேன்.

அதுவரை அவர்கள் போன ஊரெல்லாம் தம்பி ஏற்பாடு. தம்பிக்கு எல்லா ஊரிலும் ஓர் ஆள் உண்டு. அந்த ஆளுக்குத் தம்பியைத் தெரியுமா என்பது அங்கே போய் இறங்கின பிறகுதான் தெரியும். கடைசியாகப் போன இடத்தில் ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் இருந்தது. அதற்குள் இன்னொரு குடும்பம் பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

மகளின் வழி வேறு. அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் அவள் மேசைக்கு வரும். கருவி குறைத்துக் காட்டினால் எவ்வளவு குறைக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி அதன் மேலேயே ஒட்டி அனுப்புவாள். ஹோட்டல்களையும் ஓர் அட்டவணையில் போட்டு மதிப்பெண் கொடுத்திருந்தாள். கடலுக்கு எவ்வளவு நடை, லிஃப்ட் உண்டா, தரை வழுக்குமா, ஆஸ்பத்திரி பக்கமா. ஷவர் எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. கழுத்துத் துளை வழியாக மூச்சுவிடும் ஆளுக்கு, அதில் தண்ணீர் புகுந்தால் நேராக நுரையீரல்தான். அம்மா தூங்கும்போது மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் அவள். எதையும் தவறவிடும் நிலையில் இல்லை.

அட்டவணையில் முதலில் வந்தது, ரெக்கார்டிங் என்று ஃபோனை வைத்த அந்தப் பெரிய ரிசார்ட். அங்கே மேனேஜர் தன்னோடு படித்தவன் என்று தம்பி சத்தியம் செய்தான்.

"விடு," என்றாள் சைரன். "அடுத்தது."

அடுத்த இடத்தில் ஓர் ஆள் எடுத்து, "எனக்கு லோன் வேணாம்" என்றான். அதற்கடுத்த இடத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதை அமுக்கினால் மனிதரோடு பேசலாம் என்று விசாரித்தார். ஓர் இடத்தில் மட்டும் ஒரு பெண் கடைசிவரை கேட்டாள். சைரனின் முகம் மலரத் தொடங்கியது. அந்தப் பெண் தேன் ஒழுகச் சொன்னாள்: "சரிங்க சார். வீட்ல பேசறவங்க வேற யாராவது இருக்காங்களா சார்?"

"நான். பேசறேனே."

"இல்ல சார், நார்மலா பேசறவங்க."

இந்த முறை வைத்தது சைரன்.

"அக்கா, சொன்னா கோச்சுக்காதே," என்றான் தம்பி. "நீ பேசினா எனக்கே ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கற மாதிரி இருக்கு. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அப்ப. வேற பிளாட்பாரம். போய் நில்லு."

மகள் சிரித்துவிட்டாள். கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். சைரன் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். இப்போது அதுவும் குலுங்கவில்லை. கழுத்துத் துளையை மறைக்கும் துணியைச் சரிசெய்துகொண்டாள். சட்டைத் துணியில் அவளே தைத்துக்கொண்டது. காலர் வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் ஓடியது.

"கேட்டுக்குங்க," என்றாள். ஒவ்வொரு துண்டாக வந்தது. "படம் எல்லாம். முன்பக்கம். ஃபோன எடுக்கறவன். அவன்தான் உள்பக்கம். நான் பேசறத. முழுசாக் கேக்கறவன். அவன் எடத்துக்குப் போறோம். அப்படி ஒருத்தன். இல்லன்னா. போகல."

"போகலையா?" என்றார் கணவர். மகள் தன் சோதனைக் கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு அது.

"போகல."

மறுநாள் மகள் வேலையிலிருந்தபடியே பெரிய ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் கத்துவாள், பிறகு கடலைப் பார்த்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தாள். 'சிறப்புத் தேவை' என்ற கட்டத்தில், உடன் வருபவருக்கு அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, இயல்பாகப் பேச இயலாது, ஊழியர்கள் புரிந்து நடந்துகொள்ளவும் என்று எழுதினாள். கவனமாகத்தான் எழுதினாள். தொடர்பு எண் கேட்ட இடத்தில், விவரம் தெரிந்த நாள் முதல் எல்லா இடத்திலும் போட்டுப் பழகிய எண்ணையே கை தன்னால் போட்டது. அம்மாவின் எண்.

மதியம் சைரன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது.

"வணக்கம் மேடம்! உங்க புக்கிங் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. உங்க கூட ஒரு பேஷண்ட் வர்றாங்க இல்லையா? அவங்களால பேச முடியாதுன்னு பாத்தோம். அவங்களுக்கும் நிம்மதி, மத்த கெஸ்ட்டுக்கும் தொந்தரவு இருக்காது, அதனால பின்னாடி தோட்டத்துப் பக்கமா தனியா ஒரு ரூம் ஒதுக்கியிருக்கோம். சாப்பாடுகூட ரூமுக்கே வந்துடும். அவங்க வெளியவே வர வேண்டாம் மேடம்!"

சைரன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். டார்ச்சை எடுத்தாள்.

"பேஷண்ட்தான். பேசறேன்."

எதிர்முனை வைத்துவிட்டது.

மகள் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அம்மா மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அம்மா, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா உன்ன நல்லா பாத்துப்பாங்கன்னுதான்..."

"என் மேல. சீட்டு ஒட்டினியா."

"அப்படி இல்லம்மா."

"தராசு கொறச்சுக் காட்டுது. அதான."

மகள் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

"நான். கொறச்சுக் காட்டலடி. நான் சொல்றது. முழுசா வருது. அவங்க காது. கொறச்சுக் கேக்குது." பொத்தானிலிருந்து விரலை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி அழுத்தினாள். "சீட்ட. அங்க போய். ஒட்டு."

மகள் மேசையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறந்து, அம்மாவின் கண் முன்னாலேயே அந்த அறையை ரத்து செய்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சைரன் ஒரு டீயைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

செய்தி கேட்டுத் தம்பி வந்து குதித்தான். "என் மானம் போச்சு! மேனேஜர்கிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவனுக்கு. உன்னத் தெரியுமா," என்றாள் சைரன்.

தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அட்டவணையின் அடியில், மகள் ஒதுக்கிவிட்ட ஓர் இடம் மட்டும் மிச்சமிருந்தது. மதிப்பெண் ஒன்றுமே தேறவில்லை. லிஃப்ட் கிடையாது. படங்கள் நாலே நாலு. ஒன்றில் கட்டில். இன்னொன்றில் அதே கட்டில். மூன்றாவதில் கடல். நாலாவது படத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல்.

"இதெல்லாம் ஒரு எடமாக்கா?" என்றான் தம்பி.

மகள் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, ஃபோனை அம்மா பக்கம் தள்ளினாள்.

"ஹலோ, சொல்லுங்க!" ஓர் ஆண் குரல். அதற்குப் பின்னால் பாத்திரங்கள் உருண்டன. யாரோ யாரையோ வெங்காயத்துக்காகத் திட்டினார்கள்.

"வணக்கம். ரூம் வேணும்."

"என்னது?"

"ரூம்."

"இருங்க இருங்க. இங்க ஒரே கூச்சலு. கதவச் சாத்திட்டு வர்றேன். வச்சுடாதீங்க!"

நால்வரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவளிடம் யாரும் 'வச்சுடாதீங்க' என்று சொல்லவில்லை. கதவு அடித்துச் சாத்தும் சத்தம். செருப்பு தேயும் சத்தம்.

"ம், இப்ப சொல்லுங்க. லைன் கரகரன்னு வருது. கோளாறு உங்க ஃபோனா, எங்க ஃபோனா?"

"ஃபோன் இல்ல. தொண்ட. ஆபரேஷன். மெஷின் வச்சுப் பேசறேன்."

"ஓ. அப்ப நிதானமா சொல்லுங்க. மேடமா, சாரா? தப்பா கூப்பிட்டுடக் கூடாது."

"மேடம்."

"சரி மேடம். எத்தன பேரு?"

சைரன் சொன்னாள். நாலு பேர், இரண்டு அறை, எந்தத் தேதி. ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார். ஒன்றைத் தப்பாகச் சொன்னார், அவள் திருத்தினாள். கணவர் இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் மூடிக்கொண்டார்.

"கடல் பாத்த ரூம்னு. போட்டிருக்கீங்க."

"ஆமா, பாத்த ரூம்தான். நின்னா கடல் தெரியும். உக்காந்தா சுவர் தெரியும்."

"அப்ப அது. கடல் பாத்த ரூம். இல்ல."

"ஏங்க இல்ல? நின்னு பாருங்க!"

"கடல் பாக்க வர்றவ. நின்னுட்டே இருப்பாளா."

"சுவர நானா கட்டினேன்? அலை உள்ள வருதுன்னு கட்டினது. அலை வேணுமா, சுவர் வேணுமா, நீங்களே சொல்லுங்க."

"படத்துல. சுவர் இல்ல."

"எடுத்தவன் அது மேல ஏறி நின்னு எடுத்தான் மேடம்."

சைரனின் தோள் குலுங்கியது.

"சாயங்காலம்தான். காலி பண்ணுவோம். அஞ்சு மணிக்கு."

"அது நடக்காது. பகல் பன்னெண்டு."

"நாலு."

"பன்னெண்டு."

"மூணு மணி. கடைசி."

"மேடம், நீங்க என்னதான் தலைகீழா நின்னு கேட்டாலும் பன்னெண்டுதான். கூட்டித் தொடைக்க ஒரே ஒரு அம்மாதான் இருக்காங்க. அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு, பொழுதோட போக வேணாமா? சும்மா சும்மா அதையே புடிச்சுத் தொங்கறீங்களே!"

"ஏய், யார்கிட்ட குரல ஒசத்தறே?" என்று தம்பி ஃபோனை நோக்கிப் பாய்ந்தான். சைரன் பார்த்த பார்வையில், போன வேகத்தில் திரும்பி உட்கார்ந்தான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தையல் ஹாலில் நிற்பது போல முதுகு நேராகியிருந்தது. ஒரு வருடமாக அவளிடம் யாரும் குரலை உயர்த்தவில்லை. உப்புக் கூடிப்போன சாப்பாட்டைக்கூட நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். அவள் சொன்னது தப்பு என்று சொல்ல, இல்லை முடியாது என்று மறுக்க, அவளை ஓர் ஆளாக மதித்து எரிந்து விழ ஒருவரும் இல்லாமல் போயிருந்தது. எல்லாருமே அவளைப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள்.

"ஒரு மணி," என்றாள் சைரன்.

"அட, விட மாட்டீங்க போலிருக்கே. சரி, ஒண்ணு. அதுக்கு மேல கேட்டா நான் ஃபோன வச்சுடுவேன்."

"ஷவர். எப்படி."

"கையில புடிக்கற ஷவரு. மேல மாட்டற கொக்கி ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு. நீங்க வர்றதுக்குள்ள மாட்டிடறேன்."

மகள் வேண்டாம் என்று அவசரமாகத் தலையை ஆட்டினாள். கழுத்துக்குக் கீழே பிடித்துக் குளிக்கலாம். அவள் அட்டவணையில் கையில் பிடிக்கும் ஷவருக்குக் கட்டமே இல்லை.

"மாட்டாதீங்க," என்றாள் சைரன்.

"ஏங்க, ரிப்பேர் பண்ணாலும் குத்தமா?"

இன்னும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. மின்விசிறிக்கு, தலையணைக்கு, மாடிப்படியில் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதற்கு. டார்ச்சைப் பிடித்த கை வலித்து, அவள் கையை மாற்றிக்கொண்டாள். அவர் அந்த மௌனத்திலும் வைக்கவில்லை. பேசி முடித்ததும் ஃபோனை மேசையில் வைத்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இதுதான்."

"அக்கா, அவன் உன்கிட்ட கத்தினான்!"

"ஆமா," என்றாள் சைரன், பதவி உயர்வைச் சொல்வது போல. "கத்தினான்."

"நான் வரல. என்னால அந்தக் கட்டைவிரல் ஹோட்டலுக்கெல்லாம் வர முடியாது."

"சரி. மூணு பேர்."

தம்பி எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "நாலுன்னே இருக்கட்டும்," என்றான்.

போய் இறங்கியபோது ஹோட்டல் படத்தைவிட ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தது. இரண்டு மாடி. உப்புக் காற்றில் சுவர் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. வரவேற்பறைத் தரையில் மணல் நெருடியது. மரக் கவுண்டருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆளுயர மின்விசிறி ஒன்று தடதடத்தது. அதே நேரத்தில் ஒரு வேன் வந்து நின்று, பெட்டியும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் இறங்கி வரிசையில் சேர்ந்தது. முதலில் சைரன் நின்றாள்.

கணவர் பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்தார். "நாங்க..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் தானாகவே நிறுத்திக்கொண்டார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு தூண் ஓரம் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஓரடியைப் பின்னால் வைக்க அவர் பட்ட பாட்டைச் சைரன் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

"ஃபோன்ல. பேசினேன். ரெண்டு ரூம்."

ஒல்லி மனிதர் நிமிர்ந்தார். வண்டு ரீங்காரம் மின்விசிறிச் சத்தத்தில் பாதி கரைந்துபோனது. அவர் எட்டி விசிறியை நிறுத்தினார். வரிசையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது.

"இப்ப சொல்லுங்க மேடம்."

"மேல் மாடி. ரெண்டு ரூம்."

"மேல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணுல குழாய் புட்டுக்கிச்சு. கீழ ஒண்ணு எடுத்துக்குங்க."

"கீழ. வேணாம். நின்னாலும். சுவர்தான்."

பின்னாலிருந்து வியர்வையைத் துடைத்தபடி ஒருவர் எட்டிப்பார்த்தார். "ஏங்க, கொழந்தைங்க நிக்குது. கூட வந்தவங்க யாராவது பேசினா சட்டுனு முடியுமில்ல?"

மகள் திரும்பினாள். அதற்குள் தம்பி திரும்பிவிட்டான். "அவங்கதாங்க பேசுவாங்க," என்றான். "அவசரம்னா வெளிய போய்க் கடலப் பாருங்க. அது எங்கயும் ஓடிடாது. இவங்க முடிச்சதும் கூப்பிடறேன்."

அந்த ஆள் மகளைப் பார்த்தார், தூண் ஓரம் நின்ற கணவரைப் பார்த்தார். கணவர் உத்தரத்தைப் பார்த்தார்.

"மேடம், வந்த ஒடனே ஆரம்பிச்சுட்டீங்களே," என்றார் ஒல்லி மனிதர்.

சைரன் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து மணலைக் கூட்டத் தொடங்கியது. அவள் அவசரப்படவில்லை. மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"இன்னும். ஆரம்பிக்கல."

வரிசை காத்திருந்தது.